மாடி என்று கூப்பிட்ட தோட்டம்

அளவை அலுவலகத்தில் அவருக்கு 'எமன் டேப்' என்று பேர். அவர் டேப்பை விரித்த பழைய வீடு ஆறு மாதம் தாங்காது என்பது அங்கே வாடிக்கையான கேலி. கேலி செய்தவர்களையும் குற்றம் சொல்ல முடியாது, நடந்ததென்னவோ அதுதான். முப்பது வருஷமாகப் பழைய இடங்களை அளந்து, அங்கே என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. எழுதிய மை காய்வதற்குள் இடிக்கிற வண்டி வந்து நிற்கும். ஆரம்பத்தில் மனசு அடித்துக்கொண்டது, போகப்போக மரத்துவிட்டது. கடைசியில் மனுஷர் இடத்துக்குப் போகும் முன்பே, டீ ஆறுவதற்குள் படிவத்தை நிரப்பிவிடுகிற நிலைக்கு வந்துவிட்டார். போய்ப் பார்த்து என்ன கிழிக்கப் போகிறோம்? எப்படியும் இடிக்கத்தானே போகிறார்கள்!

இந்த வீட்டுக்கும் அப்படித்தான் செய்தார். வீடு பாதுகாப்புப் பட்டியலில் இருந்தது, அதை யாரும் தொட முடியாது. பாகப்பிரிவினையில் வீடு அக்காவுக்கு வர, பின்னால் இருந்த தோட்டம் தம்பிக்குப் போய், தம்பி அதைக் கட்டடக் கம்பெனிக்கு விற்றுவிட்டார். இருபத்திரண்டு மாடி எழும்பப்போகிறது. தோட்டத்தில் பழைய கட்டுமானம் ஏதாவது இருந்தால் அங்கே புதிதாக ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. இல்லையென்று இவர் எழுதிவிட்டால் கதை முடிந்தது. இவர் முந்தின நாளே எழுதிவிட்டார்: 'காலி மனை. கட்டுமானம் எதுவும் இல்லை. நேரில் பார்வையிட்டேன்.' கீழே கையெழுத்து, தேதி.

கதவைத் திறந்தது வீட்டுக்கார அக்கா. அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தே ஆளை எடைபோட்டுவிடுவார்.

"வாங்க சார். கம்பெனி இன்ஜினியரம்மா அப்பவே வந்துட்டாங்க. மாடியில நிக்கிறாங்க."

அவர் அண்ணாந்து பார்த்தார். ஓடு போட்ட வீடு. மாடியும் இல்லை, மாடிப்படியும் இல்லை.

"எந்த மாடிம்மா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தோட்டத்தச் சொன்னேன் சார். எங்க வீட்ல தோட்டத்த மாடின்னுதான் சொல்லுவோம். மாடியில துணி காயுது, மாடியில எலுமிச்சம்பழம் பறின்னு. இதுக்காகவே ஸ்கூல்ல என்ன ஓட்டு ஓட்டுன்னு ஓட்டுவாங்க. ஏன் இப்படின்னு எங்கப்பாவுக்கும் தெரியல, அவரோட அப்பாவுக்கும் தெரியல."

சரிதான், பரம்பரையாகவே மறை கழண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவர் பின்பக்கம் போனார்.

அங்கே தெருவைவிட நாலடி உயரத்தில் தோட்டம். நாவல், கொய்யா, எலுமிச்சை எல்லாம் நூல் பிடித்தாற்போல் வரிசையாக நின்றன. தலையில் மஞ்சள் தொப்பியோடு இன்ஜினியரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எமன் டேப் பேருக்கு மூலையில் ஓர் இரும்பு முளையை வைத்துச் சுத்தியலால் அடித்தார். இரண்டடி இறங்கியது. அப்புறம் 'டங்' என்றது.

"பாறையா இருக்கும் சார். தள்ளி அடிங்க."

பாறையாவது! இந்த வட்டாரத்தில் அறுபது அடி தோண்டினாலும் களிமண்தான். தள்ளி அடித்தார். அங்கேயும் 'டங்'. எதிர் மூலைக்குப் போனார், சொல்லிவைத்தாற்போல் அங்கேயும் இரண்டடியில் 'டங்'. ஒவ்வொரு அடிக்கும் பின்னால் கீழே எங்கேயோ ஒரு முனகல் கேட்டது. காலிப் பானையைத் தட்டினால் கேட்குமே, அந்த மாதிரி.

அவருக்குப் பொட்டில் அறைந்தாற்போல் உறைத்தது. மாடி என்றால் கீழே ஒரு தளம் இருக்க வேண்டுமே!

"அம்மா, இங்க கீழ இறங்குறதுக்கு வழி ஏதாவது இருக்கா? மூடி, குழி, எதாவது?"

"துவைக்கிற கல்லுக்கு அடியில ஒரு இரும்பு மூடி இருக்கு. சாக்கடைன்னு நாங்க யாரும் தொடுறதில்ல."

மூன்று பேருமாகச் சேர்ந்து கல்லைப் புரட்டினார்கள். கடப்பாரையால் நெம்பியதும் மூடி கிறீச்சிட்டுத் திறந்தது. சாக்கடை நாற்றம் இல்லை. மழை பெய்த முதல் நிமிஷத்து வாசனை குப்பென்று மேலே வந்தது. கீழே படிகள் தெரிந்தன. செல்போன் விளக்கைப் பிடித்துக்கொண்டு அவர் முதலில் இறங்கினார்.

பதினெட்டாவது படியில் நின்றவர், "அடேங்கப்பா!" என்றார்.

தோட்டத்தின் அகலத்துக்கும் நீளத்துக்கும் கீழே ஒரு மண்டபம். செங்கல் வளைவுகள் ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டுக்கொண்டு இருட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தன. முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர். இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி அத்தனை தெளிவு. கூரையில் பதித்த சுடுமண் குழாய்கள் வழியாக வெயில் சின்னச் சின்ன வட்டங்களாக விழுந்தது. ஆளுயரத்தைப் போல மூன்று மடங்கு உயரத்தில், இரண்டு பேர் சேர்ந்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத உருண்டைத் தூண்கள். ஒவ்வொரு தூணின் அடியிலும் சிறு துவாரங்கள், அவற்றிலிருந்து கொத்துக்கொத்தாக வேர் நுனிகள் தண்ணீரில் மிதந்தன.

"சார்..." இன்ஜினியரம்மா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "தூணெல்லாம் உள்ள பொள்ளல் சார். மண்ண ரொப்பியிருக்காங்க. மேல எங்கெங்க மரம் நிக்குதோ, அங்கெல்லாம் கீழ தூண் நிக்குது. தூணுக்குள்ளயே வேர் இறங்கி வந்து தண்ணி குடிக்குது. மரம் எவ்வளவு பெருசாகும், என்ன பாரம் வரும்னு பாத்துப் பாத்துக் கட்டியிருக்கான் யாரோ புண்ணியவான். நான் படிச்ச படிப்புல இத என்னால போட முடியாது சார். சத்தியமா முடியாது."

"இத்தன வருஷமா இதுமேலயா நான் ஜாக்கெட்டும் பாவாடையும் காயப்போட்டேன்?" என்றார் அக்கா. சிரிக்கத்தான் நினைத்தார், அழுகைதான் வந்தது.

எமன் டேப் செருப்பைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கி, ஒரு தூணின்மேல் உள்ளங்கையை வைத்தார். சில்லென்று இருந்தது. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, அளக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. சும்மா நின்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. நின்று பார்த்தார்.

மேலே வந்ததும் இன்ஜினியரம்மா மூடியையே வெறித்துக்கொண்டு சொன்னார். "ஒளிக்க மாட்டேன் சார். நான் பாத்தத ஆபீஸ்ல சொல்லியாகணும். சொன்னா நாளைக்குக் காலையிலயே லாரி லாரியா மண்ணக் கொட்டி மூடிடுவாங்க. நீங்க இன்னைக்கே எழுதினாத்தான் உண்டு."

அக்கா அதற்குள், அவர் பின்கட்டு நாற்காலியில் வைத்துவிட்டுப் போயிருந்த படிவத்தை எடுத்துப் படித்துவிட்டிருந்தார். பிழை திருத்துகிற கண் சும்மா இருக்குமா? "சார், நேரில் பார்வையிட்டேன்னு போட்டிருக்கீங்க. தேதி நேத்தோடது."

அவர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். படிவத்துக்கு வரிசை எண் உண்டு, கிழித்துப் போட முடியாது. அடித்துத் திருத்தினால் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பார்க்காமலே எழுதினேன் என்பதைத் தவிர அவரிடம் வேறு காரணம் இல்லை. எழுதினால் விசாரணை வரும், வேலை போகும். ஓய்வு பெற நாலே மாதம்தான் பாக்கி. எழுதாவிட்டால் ஒன்றும் ஆகாது. காலி மனை காலி மனையாகவே இருக்கும்.

"நீங்க நல்ல மனுஷராத்தான் தெரியுறீங்க. நேத்து மட்டுந்தான் இப்படியா சார்?" என்று அக்கா தணிந்த குரலில் கேட்டார்.

அவர் தலையை ஆட்டினார், இல்லையென்று. நாவல் மரத்தை அண்ணாந்து பார்த்தார். எத்தனை வாசல் ஏறாமலே கையெழுத்துப் போட்டோம் என்று எண்ண ஆரம்பித்தார். பாதியிலேயே கணக்குத் தப்பியது. அந்த வீடுகளில் எதை எதை மாடி என்று கூப்பிட்டார்களோ!

பேனாவைத் திறந்தார். 'காலி மனை' என்பதன்மேல் கோடு போட்டார். 'நேரில் பார்வையிட்டேன்' என்பதன்மேல் இன்னும் அழுத்தி ஒரு கோடு. காரணம் என்ற இடத்தில், 'பார்க்காமல் எழுதினேன். இன்று பார்த்தேன். தோட்டம் முழுவதும் பழைய கட்டுமானம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இன்ஜினியரம்மா கேட்காமலே சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

"இன்னொரு வெள்ளைத் தாள் கிடைக்குமாம்மா?" என்றார் அவர்.

"எதுக்கு சார்? இதான் முடிஞ்சிடுச்சே."

"இது முடிஞ்சிடுச்சு. நான் போகாத வீடெல்லாம் எழுதணும். ஒரு தாள் பத்தாது, நாலஞ்சாக் குடுங்க."