அட்டையில் இல்லாத பெயர்

ஐசக்குக்கு எதையாவது ஒழுங்குபடுத்திக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது. தாம்பரத்தில் ஞானமுத்து நினைவுக் கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்துக்கு அவன்தான் செயலாளர். நானும் அவனும் ஒரே வகுப்பு. அந்த உரிமையில்தான் 'அவன்' என்கிறேன். வசதியில்லாத பிள்ளைகளுக்குச் சங்கம் உதவித்தொகை கொடுக்கிறது. நல்ல காரியம். நானும் என் டீச்சர் சம்பளத்தில் வருஷாவருஷம் கொடுக்கிறேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் அந்த மதிய விருந்தில்தான்.

வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவர்கள் கூடிச் சாப்பிடுவோம். உதவித்தொகை வாங்கும் பிள்ளைகள்தான் பரிமாற வேண்டும். இது ஐசக் வைத்த சட்டம். அதுவே எனக்குப் பிடிக்காது. தொண்ணூற்றிரண்டில் இன்னொன்றும் சேர்த்தான். 'நாங்க படிக்க வைக்கிற பிள்ளை எதுன்னே தெரியலையே' என்று பணம் கொடுக்கிற சிலர் குறைப்பட்டார்களாம். உடனே அட்டை அடித்துப் பிள்ளைகளின் நெஞ்சில் குத்திவிட்டான். அட்டையில் பிள்ளையின் பெயர் இருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? கிடையாது. பணம் கொடுத்தவரின் பெயர்! சந்தை ஆட்டுக்கு மை தடவுகிற மாதிரி. அட பாவி!

அந்த வருஷ விருந்தில் சரசு என்ற பெண்ணின் அட்டையில் 'திரு. லாசரஸ்' என்று இருந்தது. கெமிஸ்ட்ரி இரண்டாம் வருஷம். கோவிலம்பாக்கத்திலிருந்து பஸ் மாறி வருகிறவள். அடுத்த வருஷம் யார் யாருக்குத் தொகையைத் தொடர்வது என்று அன்று விருந்து முடிந்ததும் கமிட்டி முடிவு செய்யும். தொகை நின்றால் அவள் படிப்பும் நின்றது. அவள் அப்பா குப்பனுக்குக் கல்குவாரியில் கூலி வேலை. பெற்றோரும் வரவேண்டும் என்று ஐசக் சொல்லியிருந்ததால் அவரும் வந்திருந்தார். வரச் சொன்னார்களே தவிர, உட்காரச் சொல்ல ஆளில்லை. பெற்றோருக்குக் கடைசிப் பந்தியாம். இஸ்திரி போட்ட சட்டையோடு அவர் சமையல்கூடத்து வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

சரசு சாம்பார் வாளியோடு என் வரிசைக்கு வந்தாள். எனக்குப் பக்கத்து இலைக்காரர் அட்டையை எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமாகக் கேட்டார்: "ஓ, லாசரஸ் பொண்ணு நீதானா?"

சரசு நிமிர்ந்து வாசல் பக்கம் பார்த்தாள். குப்பன் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். அவள் வாளியைக் கீழே வைத்தாள். அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். மறுபடி வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போனாள்.

எங்கிருந்துதான் பார்த்தானோ, ஐசக் ஓடி வந்தான். "ஏம்மா, அட்டைய ஏன் கழட்டுன? எடுத்துக் குத்திக்கோ."

"வேணாம் சார். சாம்பார் ஊத்துறேன், பாத்திரம் கழுவச் சொன்னாலும் கழுவுறேன். எங்கப்பா அதோ நின்னுகினு கீறாரு. அவரு எதுருல இத குத்திக்க மாட்டேன்."

"சாப்பாடு முடிஞ்சதும் கமிட்டி உட்காரப் போகுது. நன்றி இல்லாத பிள்ளைக்கு நான் சிபாரிசு பண்ண மாட்டேன். புரியுதா?"

குப்பன் ஓடி வந்தார். "சார், சார், சின்னப் பொண்ணு சார். தெரியாம பண்ணிட்ச்சி. இந்தா கண்ணு, குத்திக்க. எனுக்கு ஒண்ணும் இல்ல." அட்டையை எடுத்து மகளிடம் நீட்டினார்.

அதைப் பார்த்ததும் எனக்கு வந்ததே கோபம்! எச்சில் கையோடு எழுந்துவிட்டேன்.

"ஐசக், நம்ம ரெண்டு பேருக்கும் காலேஜ் பீஸ் கட்டினது யாரு?"

"கிருபா, அத எதுக்கு இப்ப..."

"சொல்லுப்பா. யாரு?"

அவன் எப்படிச் சொல்வான்? அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பீஸ் கட்ட வழியில்லாமல் நாங்கள் ஆபீஸ் வாசலில் நின்ற அன்று பிரின்சிபால் வெளியே வந்து, "கட்டியாச்சு, கிளாஸுக்குப் போங்க" என்றார். யார் கட்டினது என்று கேட்டதற்கு, "படிக்கிற வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"அந்த மனுஷன் தன் பேரை உன் நெஞ்சுல குத்தியிருந்தா, உங்கப்பா முன்னால அதோட நின்னிருப்பியா? வெட்கமா இல்ல உனக்கு? பீஸ் கட்டினா அப்பனையும் மாத்திடுவீங்களா?"

எதிர் வரிசையிலிருந்து நரைத்த தலை ஒன்று எழுந்து வந்தது. லாசரஸ்தான். குப்பன் கையிலிருந்த அட்டையை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"என் பேர் என்கிட்டயே இருக்கட்டும், ஐசக். இந்தப் பொண்ணு படிப்பு நிக்கக் கூடாது. கமிட்டி நிறுத்தினா நானே நேரா ஆபீஸ்ல கட்டிடுறேன். யார் கட்டினதுன்னும் சொல்ல மாட்டேன்."

பரிமாறிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக அட்டையைக் கழற்ற ஆரம்பித்தார்கள். ஒருவரையும் ஐசக் தடுக்கவில்லை.

நான் குப்பனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து என் நாற்காலியில் உட்கார வைத்து, புது இலை போடச் சொன்னேன். சரசு வந்து சாம்பார் ஊற்றினாள். பக்கத்து இலைக்காரருக்கு அப்போதும் வாய் சும்மா இருக்கவில்லை. "நீங்க யாரு?" என்று குப்பனைக் கேட்டார்.

"நானா?" என்று குப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "சரசு அப்பன்."