டார்ச் வெளிச்சத்தில் ஒரு நாக்கு

இதைப் போட்டுக்கொண்டு குடித்தால் குமட்டும், நெஞ்சு படபடக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம் என்று சொல்லித்தான் தையல்காரியின் புருஷன் குடியை விடுவதற்காக டாக்டர் அந்த மாத்திரையைக் கொடுத்திருந்தார். அவள் லேசுப்பட்டவளா? ஆறு மாதமாகத் தினமும் காலையில் மாமியார் டப்பாவிலிருந்து மாத்திரையை எடுத்துக் கொடுப்பாள். புருஷன் விழுங்கிவிட்டு நாக்கைத் தூக்கிக் காட்டுவான். இவள் டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் மெஷினில் உட்காருவாள். மாமியார் தன் கட்சி என்பதில் அவளுக்கு ஏகப் பெருமை.

அன்று மதியம் குப்பென்று வாடையடிக்க வந்தவன், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டான். அவள்தான் அவன் நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பயப்படாதம்மா. அது வெறும் சத்து மாத்திரை" என்றாள் மாமியார். "முதல் வாரமே நான் மாத்தி வச்சுட்டேன். அவன் எப்படியும் குடிப்பான். ஏதாவது ஒண்ணு ஆயிட்டா?"

"அவருக்குத் தெரியுமா அத்தை?"

"தெரியாமலா தைரியமா குடிக்கிறான்?"

"அப்போ தினமும் வாயைத் திறந்து காட்டினது?"

"அது உன் மனசு திருப்திக்கும்மா."