பால் காய்ச்சாத வீடு

பங்குனி பிறந்ததும் பாக்கியலட்சுமி மூட்டை கட்ட ஆரம்பித்துவிடுவாள். கோரைப்பாய்கள், உறை மாற்றிய தலையணைகள், வெளியில் கட்டிலுக்குக் கட்ட ஒரு கொசுவலை, மாவடு போட ஒரு சின்ன ஜாடி. எல்லாம் கட்டிலுக்கு அடியில் தயாராக இருக்கும். கத்திரி தொடங்குவதற்குள் தோப்பு வீட்டுக்குப் போய்விட வேண்டும், மழை தட்டுகிறவரை குடியிருக்கிற முத்தியால்பேட்டை வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பது அவள் திட்டம். ஆனி முடிந்ததும் அதே மூட்டையை அவளே வெளியே இழுத்துப் பிரித்து, பாய்களைப் பரணில் போடுவாள். அந்த வீட்டைக் கட்டிய நாளிலிருந்து வருஷா வருஷம் இதுதான் நடந்தது. ஒரு ராத்திரிகூட அவர்கள் அங்கே தங்கியதில்லை.

தங்கவிடாதவர் வேறு யாருமில்லை, அவள் புருஷன் ராஜவேல்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். முத்தியால்பேட்டையில் ராஜவேல் வீடு எது என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். பிரெஞ்சுச் சிப்பாயை அங்கே சொல்தா என்பார்கள்; சொல்தா வீடு என்றால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும். பென்ஷனோடு ஊர் திரும்பியவர், தவளக்குப்பம் ஜங்ஷனில் மேற்கே பிரிகிற ரோட்டில் உள்ளே தள்ளி ஒரு மாந்தோப்பு வாங்கினார். வெகுநாள் வெறும் தோப்பாகக் கிடந்த இடத்தில், கொரோனாவுக்கு முந்தின வருஷம் வீடு எழும்பியது. இரண்டு அறை, சுற்றிலும் தாழ்வாரம், பின்னால் மோட்டாரும் தண்ணீர்த் தொட்டியும். பாக்கியலட்சுமி கேட்டது அவ்வளவுதான். அவர் தன் பங்குக்கு வாசல் சுவரில் 'பிரேம் இல்லம்' என்று சலவைக்கல்லில் வெட்டிப் பதித்தார். பிரேம்குமார் அவர்களுடைய ஒரே மகன். பாரீஸுக்குப் பக்கத்தில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கிறான்.

முத்தியால்பேட்டையில் அவர்கள் இருந்த வீட்டுக்கு இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். எதிரே கிரில் பட்டறை. மே மாதம் மின்விசிறி போட்டால் சூட்டை எடுத்து முகத்தில் அப்பும். ராஜவேல் ஏசி மாட்டிக் கொடுத்தார். அந்த அறைக்குள் போனால் பொட்டிக்குள் அடைத்த மாதிரி இருக்கிறது என்று அவள் இரண்டு நாளில் வெளியே வந்துவிட்டாள். அவளுக்குத் தோப்பு வேண்டும். பகலெல்லாம் தாழ்வாரத்தில் கிடக்க வேண்டும், பொழுது சாய்ந்ததும் தொட்டித் தண்ணீரில் குளிக்க வேண்டும், மாமரத்துக்குக் கீழே கட்டிலைப் போட்டு விடிகிறவரை தூங்க வேண்டும். இதைச் சொல்லும்போதே அவள் குரல் குளிர்ந்துவிடும்.

பால் காய்ச்சாத வீட்டில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது, ராத்திரி தங்கக் கூடாது. ராஜவேல் பெரிய ஆசாரக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். வெள்ளி, செவ்வாய் பாராமல் கறி தின்கிற மனிதர் அவர். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் உடும்புப் பிடியாக நின்றார். அதற்குக் காரணம் உண்டு. முத்தியால்பேட்டை வீட்டை அவருடைய அப்பா இடித்துக் கட்டிக் குடிபோனபோது அவர் ஆப்பிரிக்காவில் முகாமில் இருந்தார். மூத்த மகன் வரட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. பந்தல், வாழைமரம், மாமன் மச்சான் எல்லாரும் நிற்கிற போட்டோதான் வந்தது. மணல் ஒட்டிய கையோடு அந்தப் போட்டோவை அவர் பார்த்தார். அன்றைக்கு நெஞ்சில் விழுந்த அடி வயசானபிறகும் ஆறவில்லை. தன் மகனுக்கு அந்த நிலைமை வரக் கூடாது, பிரேம் வந்து மணையில் உட்கார்ந்தால்தான் பால் காய்ச்சுவது என்று முடிவு கட்டிவிட்டார்.

முதல் இரண்டு வருஷத்தைக் கொரோனா தின்றது. அதற்குப் பிறகு பிரேம் வந்தான், வராமல் இல்லை. ஆனால் பிரான்சில் லீவு விடுகிறவர்களுக்கும் நம் பஞ்சாங்கக்காரர்களுக்கும் ஏதோ முன்பகை போலிருக்கிறது. ஆகஸ்டில் கம்பெனியையே பூட்டுகிறார்கள், அப்போது இங்கே ஆடி. ஆவணி பிறந்து முதல் முகூர்த்தம் வருவதற்குள் அவன் விமானம் ஏறியாக வேண்டும். கிறிஸ்துமஸ் லீவில் வரலாம் என்றால் அது நட்ட நடு மார்கழி. ஆடியிலும் மார்கழியிலும் புது வீட்டில் யார் பால் காய்ச்சுவார்கள்? சித்திரையிலும் வைகாசியிலும் முகூர்த்தம் கொட்டிக் கிடந்தது, அவனுக்குத்தான் லீவு இல்லை. ராஜவேல் ஒவ்வொரு வருஷமும் காலண்டரைப் புரட்டிவிட்டு, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார்.

மகனிடம் இதைச் சொல்லவும் கூடாது என்று பாக்கியலட்சுமியின் வாயைக் கட்டியிருந்தார். தெரிந்தால் பையன் சங்கடப்படுவான், வேலையை விட்டுவிட்டு ஓடிவருவான் என்று அவருடைய கணக்கு. அதனால் போனில் அவள், தோப்புக்குப் போய் வந்தோம், இந்த வருஷம் காய்ப்பு பரவாயில்லை என்பதோடு நிறுத்திக்கொள்வாள். தாழ்வாரத்தில் அவள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற படத்தை ராஜவேலே எடுத்து அனுப்புவார்.

போய் வந்தது என்னவோ நிஜம்தான். சாப்பாட்டை முத்தியால்பேட்டையிலேயே கட்டிக்கொண்டு காலையில் போவார்கள். சொந்த வீட்டுத் தாழ்வாரத்தில் அவள் ஆறிப்போன சோற்றைத் தின்பாள். காப்பித்தண்ணி வேண்டுமென்றால் வேலியோரக் குடிசையில் இருந்து தோப்பைப் பார்த்துக்கொள்கிற அம்மாவாசையின் பெண்சாதி போட்டுத் தர வேண்டும். வெயில் தாழ்ந்து வயல்வெளிக் காற்று அப்போதுதான் கிளம்பும். மாமரம் அசைய ஆரம்பிக்கும். அதைப் பார்த்து அவள் காலை நீட்டி உட்கார்வாள். அந்த நேரம் பார்த்து ராஜவேல் வாசலில் சாவியோடு நின்று, "இருட்டறதுக்குள்ள கெளம்பலாம் பாக்கியம்" என்பார். ஒரு தடவையும் தவறாமல் சொல்வார்.

அவள் சண்டை போடுகிற ரகம் இல்லை. ஒரே ஒரு வருஷம் மட்டும் கேட்டாள். "நம்ம ரெண்டு பேரும் சும்மா ஒரு சொம்புப் பாலைக் காய்ச்சிடலாங்க. பையன் வரும்போது ஊரைக் கூட்டிப் பெருசா பண்ணிக்கலாம். எனக்கு இந்த வெயில் தாங்கல." ராஜவேல் பதிலுக்கு அந்தப் பழைய போட்டோவை எடுத்துக் காட்டினார். பாய்களைப் பரணில் போட்டுவிட்டாள்.

போன வருஷம் ஐப்பசியில் அவளுக்குக் கால் வீங்கியது. முகம் வீங்கியது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன என்று டாக்டர் சொன்னார். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். குடிக்கிற தண்ணீருக்கு அளவு வந்தது. இளநீர், மாம்பழம், வாழைப்பழம் எதையும் வாயில் வைக்கக் கூடாது. பிரேம் மார்கழியில் வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனான். அப்போது வீட்டைப் பற்றி நினைக்க யாருக்கும் மனசு இல்லை.

பங்குனி வந்தது. ராஜவேல் ஒருநாள் செருப்பைத் தேடிக் குனிந்தவர், கட்டிலுக்கு அடியில் வெறும் தரையைப் பார்த்தார். மூட்டை இல்லை. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வருஷக்கணக்காக அந்த மூட்டை தன் காலில் இடித்ததும், இதை வேறு எங்காவது வைக்கக் கூடாதா என்று தான் சலித்துக்கொண்டதும் அவருக்கு ஞாபகம் வந்தது.

அன்றைக்கே மகனைப் போனில் கூப்பிட்டார். எப்படியாவது சித்திரையில் ஒரு வாரம் வந்துவிட்டுப் போ, தோப்பு வீட்டுக்குப் பால் காய்ச்சிவிடலாம், இதற்கு மேல் தள்ளிப்போட வேண்டாம் என்றார்.

"என்னப்பா சொல்றீங்க, இன்னும் பால் காய்ச்சலையா? அம்மா ஒவ்வொரு வெயிலுக்கும் அங்கதான் இருக்காங்கன்னு இல்ல நெனச்சிட்டு இருக்கேன்."

"நீ இல்லாம எப்படிடா காய்ச்சறது?"

"நான் கேட்டனாப்பா?" என்றான் பிரேம். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அன்னைக்கே காய்ச்சிட்டு அம்மாவ அங்க படுக்க வைங்கன்னு சொல்லியிருப்பேனே. எனக்கு அந்த மணைல உக்காந்து என்ன ஆவப்போவுது?"

ராஜவேல் போனை வைத்துவிட்டார். தன்னுடைய மனத்தாங்கல் மகனுக்கும் வரும் என்று தானே நினைத்து அதை அவன் தலையில் வைத்து, அதற்காக ஒரு மனுஷியை இத்தனை கோடையும் பட்டறைக்கு எதிரே வேகவிட்டிருக்கிறோம் என்பது அவருக்கு விளங்கியது. விளங்கி என்ன, அந்த வருஷங்களை எந்தக் கடையில் போய்க் கேட்பது? யார்மேலாவது கோபப்படலாம் என்று பார்த்தார். கோபப்படத் தன்னைத் தவிர வேறு ஆள் கிடைக்கவில்லை.

வந்த சனிக்கிழமையே கிளம்பினார். பங்குனியில் கூடாது என்று பாக்கியலட்சுமி மெதுவாக ஞாபகப்படுத்தினாள். எது கூடாதோ அதையெல்லாம் நான் பண்ணி முடிச்சாச்சு என்றார் அவர். பரணில் ஏறிப் பாய்களை இறக்கி, அவள் கட்டுகிற மாதிரியே மூட்டை கட்டப் பார்த்தார். முடிச்சு சரியாக விழவில்லை. வாடகைக் காரில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஐயர் இல்லை, பந்தல் இல்லை. சமையலறையில் மூன்று செங்கல்லை வைத்து ராஜவேல் தானே குந்தி உட்கார்ந்து ஊதினார். புகையில் அவர் கண்ணும் மூக்கும் ஒழுகின. புகைக்கு எவ்வளவு, மற்றதற்கு எவ்வளவு என்று அவருக்கே தெரியாது. பாக்கியலட்சுமி பக்கத்தில் நாற்காலியில் இருந்தாள். பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது.

"கெழக்கால பொங்குது, நல்லது" என்றாள். அவர் டம்ளர் நிறைய ஊற்றிக் கொடுத்தார். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, இன்றைக்கு அளவு முடிந்துவிட்டது என்று டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். விவரம் தெரியாத அம்மாவாசை, அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்குமே என்று ஆசையாக ஓர் இளநீரைச் சீவிக்கொண்டு வந்து நின்றான். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள். பிறகு, ஐயாவுக்குக் கொடு என்றாள்.

ராஜவேல் மாமரத்துக்குக் கீழே கட்டிலைப் போட்டார். பாயை விரித்தார், தலையணையைத் தட்டி வைத்தார், கொசுவலையை நாலு பக்கமும் இழுத்துக் கட்டினார். அவளைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து படுக்க வைத்தார். மரத்தில் பிஞ்சு குலைகுலையாகத் தொங்கியது. அவள் மல்லாந்து அதைப் பார்த்துக்கொண்டே கண்ணை மூடினாள். வெயில் தாழ்ந்தது. வயல் பக்கமிருந்து காற்று கிளம்பிக் கொசுவலையைப் பிடித்து ஆட்டியது. அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை அவர் பார்த்தார். கொஞ்சம் பிந்தினாலும் கொடுத்துவிட்டோம் என்று அவருக்கு நெஞ்சு லேசானது.

"ராத்திரி இங்கயே இருந்துடலாம் பாக்கியம்" என்றார். "நாளைக்கு ஆஸ்பத்திரி கெடையாது. விடியற வரைக்கும் தூங்கு. நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்."

அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். பார்வையில் கோபம் கொஞ்சமும் இல்லை. இருந்திருந்தால் அவருக்குத் தேவலை.

"இல்லீங்க" என்றாள். "முந்தாநாள் ராத்திரி மாதிரி மூச்சு முட்டினா, இந்தத் தோப்புக்குள்ள ஆம்புலன்ஸ் எப்படி வரும்? எனக்கு இங்க படுக்க பயமா இருக்கு."

அவர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். காரை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம் என்றார், அம்மாவாசை இருக்கிறான் என்றார், ஒரு ராத்திரிதானே என்று கெஞ்சினார். அவள் கொசுவலையை விலக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, காலால் செருப்பைத் துழாவினாள். மேற்கே பனைமரங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

"இருட்டறதுக்குள்ள கெளம்பலாங்க" என்றாள்.