பழைய வரிமுறை

பிப்ரவரி வந்தால் எங்கள் ஆசிரியர் அறையில் யாருக்கும் முகம் சரியாக இருக்காது. வருமான வரியை மாதாமாதம் கொஞ்சம் பிடித்தது போக, மீதி மொத்தமும் அந்த மாதச் சம்பளத்தின் தலையில்தான் விழும். வரியைக் குறைக்க, சொந்த வீட்டில் இருந்துகொண்டே மாமியாருக்கு வாடகை கொடுப்பதாக ரசீது எழுதுகிறவர்களெல்லாம் எங்கள் கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கூடத்தில் உண்டு. இந்த வருடம் அந்தக் கூத்து எதுவும் நடக்கவில்லை. புது வரிமுறையில் பன்னிரண்டு லட்சம் வரை வரியே இல்லை என்றதும் எல்லோரும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். யாரோ மைசூர்பாகுகூட வாங்கி வந்தார்கள். நான் எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் எல்லோருக்கும் வரிக் கணக்குப் போட்டுக் கொடுப்பவர் அறிவியல் ஆசிரியர் அறிவுச்செல்வன். அவர் பிரிண்ட் எடுத்து நீட்டுவார், நாங்கள் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவோம். அதுதான் வழக்கம். இந்த முறை எனக்கும் புது முறையில் போட்டு நீட்டினார். கட்ட வேண்டிய வரி பூஜ்யம். நான் பேனாவை எடுக்கவில்லை.

பழைய முறைத் தாளில் ஒரு கட்டம் இருந்தது, புதியதில் அது இல்லை. மாற்றுத்திறனாளிப் பிள்ளையைப் பராமரிக்கிறவர்களுக்கு அரசாங்கம் தரும் வரிக் கழிவு. அதற்கு நேராக ‘வல்லரசு, மகன்’ என்று வருடா வருடம் இருக்கும். அவன் அப்பா ஆசையாக வைத்த பெயர். பதினான்கு வயதாகியும் அவனுக்குத் தலை நிற்கவில்லை. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரி வரிசையில் சான்றிதழுக்காக நின்றிருக்கிறேன். என் பிள்ளைக்கு இன்னும் குணமாகவில்லை என்று நானே நிரூபிக்க வேண்டும். அந்தச் சான்றிதழை நான் சபிக்காத நாள் இல்லை.

புரட்டாசியில் காய்ச்சல் நெஞ்சில் இறங்கி அவன் போய்விட்டான். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஏதோ பேசி வைத்துக்கொண்டு வந்ததுபோல, எனக்கு இனிமேல் கஷ்டம் இல்லை என்றார்கள். அவர்களை வெளியே போகச் சொல்லாதது என் பொறுமை. இந்தப் புது வரிமுறையும் அவர்களைப் போலத்தான் எனக்குப் பட்டது. வீட்டில் யார் இருக்கிறார்கள், யாருக்கு என்ன செய்தாய் என்று அது ஒன்றுமே கேட்பதில்லை.

“எனக்குப் பழைய முறையிலயே போடுங்க சார்” என்றேன்.

எனக்குப் புரியவில்லை என்று நினைத்து அவர் பொறுமையாக விளக்கினார். பழைய முறையில் எல்லாக் கழிவையும் கழித்தாலும் இந்த மாதச் சம்பளத்தில் பாதிக்குமேல் பிடித்துவிடுவார்கள் என்றார். கணக்கு டீச்சருக்கே கணக்குத் தெரியவில்லை என்று பின்னால் யாரோ சிரித்தார்கள். வல்லரசு பெயரைப் போடலாமா கூடாதா என்று மட்டும் கேட்டேன். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அறிவுச்செல்வன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “போடலாம் டீச்சர். இந்த வருஷக் கணக்குல பாதி நாள் இருந்தான்ல. நீங்க பாத்துக்கிட்டீங்க. முழுக் கழிவும் உண்டு. ஆனா, போட்டாலும் உங்களுக்கு நஷ்டந்தான்.”

“பரவாயில்ல, போடுங்க.”

அவர் அந்தப் பெயரைக் கம்ப்யூட்டரில் அடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றேன். கையெழுத்துப் போடும்போது மனம் லேசாக இருந்தது. இன்னொரு தடவை அவன் பெயரைப் பார்க்கிற பேராசைதான், எனக்கும் தெரியும்.

வீட்டில் சொல்லவில்லை. என் கணவர் அப்பாதுரைக்குச் செங்கம் ரோட்டில் சின்ன எலக்ட்ரிக்கல் கடை. கட்டடச் சொந்தக்காரர் அட்வான்ஸைக் கூட்டிக் கேட்டிருந்தார். இல்லாவிட்டால் கடையை ஒரு காபி கடைக்காரருக்கு வாடகைக்கு விட்டுவிடுவாராம். என் பிப்ரவரிச் சம்பளம் இந்த முறை முழுசாக வரும் என்று நம்பி இவர் சரி சொல்லிவிட்டு வந்திருந்தார்.

சம்பளம் ஏறிய அன்று சாயங்காலம் என் போனை வாங்கிச் சம்பளச் சீட்டைத் திறந்தார். ஓய்வூதியப் பிடித்தம், காப்பீடு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் வருமான வரியில் நின்றார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும்.

“ஊருக்கே வரி இல்லங்கிறாங்க. உனக்கு மட்டும் எப்படி இவ்ளோ ஜாஸ்தி?”

சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. கடை போனால் என் மேல்தான் பழி என்பதையும் நானே சொன்னேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவர் மறுபடியும் சீட்டை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். “இதுல அவன் பேரு எங்க இருக்குது?”

சம்பளச் சீட்டில் பெயர் வராது, பிடித்த தொகை மட்டும்தான் வரும் என்றேன். அவர் அந்தத் தொகையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைச் சாவி சட்டைப் பையிலேயே இருந்தது, கடை திறக்கப் போகவில்லை. போனைத் திருப்பித் தந்துவிட்டு, அட்வான்ஸுக்கு வேறு எங்காவது கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“அடுத்த வருஷமும் போடலாமா, கஸ்தூரி?”

“முடியாதுங்க” என்றேன். “அடுத்த வருஷம் முழுச் சம்பளமும் வந்துடும்.”