இரண்டு போத்தல் பினாயில்

என் வீட்டுக்காரர் நல்லமுத்து மாடுகளிடம் பேசுகிற பேச்சில் கால்வாசியாவது என்னிடம் பேசியிருந்தால் இந்த வம்பே வந்திருக்காது.

அது எண்பத்தைந்தாம் வருஷம். ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஐந்து மாடுகள் நின்றன. சூலியா தெருத் தேத்தண்ணிக் கடைகளில் பாதிக்கு மேல் எங்கள் பால்தான். கொட்டகை நாறுகிறது, ஈ மொய்க்கிறது என்று பக்கத்து வீட்டு ஹாஜரா நகராண்மைக் கழகத்துக்கு எழுதிப் போட்டுவிட்டாள். நாற்றத்தை ஒழிக்காவிட்டால் மாடுகளை ஊரைவிட்டு அப்புறப்படுத்த வேண்டும் என்று கடிதம் வந்தது. எங்கள் ஊர் தீவு; கடலைத் தாண்டி அக்கரையில் இடம் பிடித்து, தினமும் பாலை ஃபெர்ரியில் ஏற்றிக் கொண்டுவர எங்களால் முடியுமா? விற்கத்தான் வேண்டும். ஐந்தையும் கன்றிலிருந்து வளர்த்தவள் நான். ஹாஜராவோடு பேச்சு அன்றோடு நின்றது.

அந்தச் சமயத்தில்தான் விஸ்வலிங்கம் உதவிக்கு வந்தார். பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லித்தரும் சிலோன்காரப் பிள்ளை, எங்களிடம் பால் வாங்குபவர். கொட்டகை ஓரத்தில் கிணறு மாதிரி ஒரு தொட்டி கட்டி, மேலே இரும்பு மூடியைக் கவிழ்த்தார். சாணியும் கொட்டகை கழுவிய தண்ணீரும் நேராக அதில் விழும்படி வாய்க்கால் வெட்டினார். சாணி உள்ளே புளித்து வாயு வரும், அதைக் குழாய் வழியாக அடுப்புக்குக் கொண்டுபோகலாம் என்றார்.

"சாணியில வேகற சோத்த எவன் தம்பி திம்பான்?" என்று கேட்டேன்.

நாலாவது வாரம் அடுப்பில் நீலமாகத் தீ எரிந்தது. புகை இல்லை, கரி இல்லை. சோறு அதில்தான், பால் கேன் கழுவ வெந்நீரும் அதில்தான். அந்தச் சோற்றை முதலில் தின்றவளும் நான்தான், வெட்கமில்லாமல் சொல்கிறேன். தொட்டியிலிருந்து வெளியே வழியும் கரைசல் செடிக்கு நல்ல உரம். நாற்றமும் ஈயும் பெரும்பாலும் போய்விட்டன. பொங்கல் முடிந்த பத்தாம் நாள் அதிகாரி வருவார், அடுப்பு எரிவதைக் கண்ணால் பார்த்தால் மாடுகள் இருக்கலாம் என்று இன்னொரு கடிதம் வந்தது.

மாட்டுப் பொங்கல் வந்தது. கொட்டகையைக் கழுவாமல் மாட்டுக்குப் பொட்டு வைக்க முடியுமா? இரண்டு போத்தல் பினாயிலை ஊற்றித் தேய் தேய் என்று தேய்த்தேன். மாட்டுக்காரி வீடு என்று மூக்கைப் பிடிக்கிறவள் எவளாக இருந்தாலும் வந்து பார்க்கட்டும் என்ற வீறாப்பு எனக்கு. கழுவிய தண்ணீர் முழுக்க வாய்க்கால் வழியாகத் தொட்டிக்குள் போனது.

மறுநாள் தீ சுருங்கியது. அதற்கடுத்த நாள் அணைந்தே போனது.

சொல்லி அனுப்பியதும் விஸ்வலிங்கம் ஓடி வந்தார். வாய்க்காலில் குனிந்து முகர்ந்தார்.

"அக்கா, பினாயில் ஊத்துனீங்களா?"

"மாட்டுப் பொங்கலாச்சே தம்பி."

"போச்சுலா! வாயு உண்டாக்கறது கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க அக்கா. பினாயில் அதுங்கள சாகடிச்சிருச்சு. சவுக்காரம், மருந்து எதுவும் உள்ள போகக் கூடாதுன்னு அண்ணன்கிட்ட படிச்சுப் படிச்சு சொன்னேனே."

நான் திரும்பினேன். அண்ணன் ரொம்ப அக்கறையாகச் சிவப்பி மாட்டின் காதைச் சொறிந்துகொண்டிருந்தார். நன்றாகக் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. ஊற்றியது என் கை அல்லவா?

"அழாதீங்க அக்கா. பாதித் தொட்டிய எறைச்சுட்டு, முன்ன வெளிய வந்த பழைய கரைசல ஊத்துனா திரும்பப் புடிக்கலாம். அதுல கிருமி உயிரோட இருக்கும். எங்கயாச்சும் வெச்சிருக்கீங்களா?"

வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். "ஹாஜரா அக்கா வீட்ல ரெண்டு டிரம் நெறைய இருக்கு. செடிக்குக் கேட்டாங்க. செவுத்துக்கு மேல தூக்கிக் குடுத்தேன்."

"எத்தனை நாளா?" என்றேன்.

"ரெண்டு மாசம் இருக்கும்."

அவரிடம் பேச அப்போது நேரமில்லை. இரும்பு வாளியை எடுத்துக்கொண்டு, ஒரு வருஷமாக ஏறிட்டும் பார்க்காத வாசலில் போய் நின்றேன். சாணித் தண்ணீர் கேட்டு இன்னொருத்தி வீட்டு வாசலில் நிற்பேன் என்று கனவிலும் நினைத்ததில்லை.

ஹாஜரா கதவைத் திறந்து வாளியைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

"ருக்குமணி, எழுதிப் போடறதுக்கு முன்னால நான் உன் வீட்டுக்கு வந்தேன். ஞாபகம் இருக்கா?"

இருந்தது. மூக்கை மூடிக்கொண்டு படுங்கள் என்று அப்போது சொல்லி அனுப்பியிருந்தேன்.

"தப்புத்தான் அக்கா," என்றேன். அந்த வார்த்தை வெளியே வர ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அவள் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "அந்தப் பக்கம் புடி. ஒரு வாளி எந்த மூலைக்கு? டிரம்மாவே உருட்டுவோம்."

தொட்டியில் பாதியை இறைத்துக் கரைசலை ஊற்றினோம். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் குழாயில் தீக்குச்சி வைத்துப் பார்ப்பேன். பொங்கல் முடிந்து ஐந்தாம் நாளும் இல்லை, ஏழாம் நாளும் இல்லை. சிவப்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன், யாரும் பார்க்கவில்லை. ஒன்பதாம் நாள் 'பொப்' என்று ஒரு சத்தம்; சுண்டுவிரல் அளவுக்கு நீலத் தீ.

பத்தாம் நாள் காலை அதிகாரி வந்தார். மலாய்க்காரர், நல்ல மனிதர்தான், ஆனால் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவுதானா? இதில் தண்ணீராவது கொதிக்குமா?" என்று மலாயில் கேட்டார்.

பின்வாசலில் ஹாஜரா அவள் வீட்டுக் கெட்டிலோடு நின்றாள். கெட்டிலை அடுப்பில் வைத்தாள், அதிகாரிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள், பேச ஆரம்பித்தாள். துறைமுகத்தில் வேலை செய்து செத்துப்போன புருஷனைப் பற்றிப் பேசினாள். பாசாரில் மீன் விற்கிற விலையைப் பேசினாள். அவர் எழுந்திருக்கப் பார்த்தபோதெல்லாம் அவருடைய பிள்ளைகளின் படிப்பை விசாரித்தாள். நானும் வீட்டுக்காரரும் கெட்டிலின் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றோம். அரை மணி நேரம் கழித்து அது மெல்ல முனகி, ஆவி விட்டு, மூடியைத் தட்டிக் கொதித்தது.

ஹாஜரா தேநீர் கலந்து கொடுத்தாள். அதிகாரி ஒரு வாய் குடித்துவிட்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு நினைவு வந்தவராக, "புகார் எழுதிய அம்மாவையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமே. பக்கத்து வீடுதானே?" என்றார்.

"நான்தான் அது," என்றாள் ஹாஜரா.

அவர் அவளைப் பார்த்தார், கெட்டிலைப் பார்த்தார். "இப்போது நாற்றம் இருக்கிறதா?"

"ஒருநாள் பினாயில் நாத்தம் தாங்க முடியல. மத்தபடி ஒண்ணும் இல்ல."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஹாஜரா அடுத்த கோப்பையை என் கையில் கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன்.