தண்ணீர்ப் பசை

பாடப் புத்தகங்கள் அச்சாகி முடிந்த பிறகுதான் அந்த ஒரு பக்கம் வேண்டாம் என்று யாரோ முடிவு செய்தார்கள். கிழித்தால் பின்பக்கத்துப் பாடமும் போய்விடும். அதனால் அந்தப் பக்கத்தின் மேல் கோடு போட்ட வெற்றுத்தாள் ஒன்றை ஒட்டச் சொல்லி எங்கள் பைண்டிங் பட்டறைக்கு வண்டி வண்டியாக அனுப்பினார்கள். தாளின் தலைப்பு, 'குறிப்பு எழுதுக'. எதைப் பற்றி என்று போடவில்லை.

"பரீட்சைக்கு வராத பாடமாம். பிள்ளைங்களுக்குச் சுமை குறையுதாம்," என்றார் மேனேஜர். "முடியிற வரைக்கும் யாரும் பையைத் தூக்காதீங்க."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் கை நிற்கக்கூடாது. ஒரு புத்தகத்துக்கு ஒரு வரி என்று ஒட்டிக்கொண்டே படித்தேன். முதல் புத்தகத்தில் பஞ்சாலைப் பெண்கள் இயந்திரத்தை நிறுத்தினார்கள். அடுத்ததில் தெருவுக்கு வந்தார்கள். இன்னும் சில புத்தகங்கள் தள்ளி, எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. வெளியே தெருவிளக்கும் எரிய ஆரம்பித்துவிட்டது.

"அக்கா, இது நம்மளப் பத்தித்தான போட்டிருக்கு," என்றாள் பக்கத்தில் தாள் ஒட்டிக்கொண்டிருந்த, நாங்கள் ஒல்லி என்று கூப்பிடும் பெண்.

"அதான் மூடச் சொல்றாங்க. வேலையப் பாரு."

பசை காய்ச்சுவதும் என் பொறுப்புதான். தண்ணீர் கூடினாலும் ஒட்டத்தான் செய்யும். காய்ந்த பிறகு நகம் பட்டால் போதும், உரிந்து வந்துவிடும். ஒட்டிய தாளைச் சுரண்டாத பிள்ளை எங்கே இருக்கிறது? அடுத்த வாளியில் தாராளமாக ஊற்றினேன். ஒல்லி பார்த்துவிட்டு, அந்த வாளியிலேயே பிரஷ்ஷை முக்கினாள்.

புத்தகங்கள் போனதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேனேஜரின் போன் அடித்தாலே புகாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டேன். வேலை போனால் வீட்டில் அடுப்பெரியாது. புகார் வராத நாளிலோ வேறு எரிச்சல். ஒருத்தருமா உரித்துப் பார்க்கவில்லை?

என் மகளும் அந்தப் புத்தகம் படிக்கிற வகுப்புதான். ஒரு நாள், வழக்கம்போல இருட்டி வெகுநேரம் கழித்து வந்து நான் செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடி வந்தாள்.

"அம்மா, ஹிஸ்டரி புக்ல ஒட்டினதெல்லாம் பிரிஞ்சு வந்துடுச்சு. மொத்த கிளாஸுக்கும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. "படிச்சீங்களா?"

"எதுக்கு? டெஸ்டுக்கு வராதுன்னு மிஸ் சொல்லிட்டாங்க. ஒருத்தன் மட்டும் படத்துல இருந்த பொம்பளைங்களுக்கெல்லாம் மீசை வரைஞ்சான்."

"மிஸ் வேற ஒண்ணும் சொல்லலியா?"

"மிஸ் பாவம்மா. போர்ஷன் முடிக்கலேன்னா அவங்களுக்குத் திட்டு. ஸ்கூல் விட்டப்புறமும் உக்காந்து பேப்பர் திருத்துறாங்க. திரும்ப ஒட்டணும், நல்ல பசை யார் கொண்டு வருவீங்கன்னு கேட்டாங்க. எங்கம்மா வேலையே அதுதான்னு சொல்லிட்டேன். கெட்டியா வேணுமாம். பழசு ஒரே தண்ணியாம்."

இதற்காகவா வேலையைப் பணயம் வைத்தேன்? அழுகை முட்டியது. அவளை இரண்டு வைக்கலாம் போலவும் இருந்தது. மாவைப் பாத்திரத்தில் கொட்டி அடுப்பில் ஏற்றினேன்.

"பசை தர்றேன். கிண்டி முடிக்கிற வரைக்கும் அந்தப் பக்கத்தைச் சத்தமா படி."

முணுமுணுத்துக்கொண்டே ஆரம்பித்தாள். இயந்திரம் நின்றது. பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். சட்டம் வந்த வரியில் நிறுத்தி, என்னையும் வாசலில் கிடந்த என் செருப்பையும் பார்த்தாள்.

"இது நெஜமாவே நடந்துச்சாம்மா?"

"நடந்துச்சு."

மீதியை நான் சொல்லாமலே படித்து முடித்தாள். எழுந்து வந்து பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ரொம்பக் கெட்டியாயிடுச்சு," என்று சொல்லி, ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து முழுசாக ஊற்றினாள்.