கண்ணாடித் தட்டில் எங்கள் வீடு

கோடை ஆராய்ச்சிப் பயிற்சியில் எனக்கு ஆய்வு மாதிரியாகக் கொடுத்தது எங்கள் வீடு. பாளையங்கோட்டையில், மாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்த அதே வீடு. உள்ளங்கை அகலக் கண்ணாடித் தட்டில் அதை வைத்து, மூடி போட்டு, மேலே என் பெயரை ஒட்டி மேசையில் வைத்திருந்தார்கள்.

நான் விண்ணப்பித்தது பாக்டீரியாவுக்கு.

"பாக்டீரியா உள்ளூர்ப் பிள்ளைங்களுக்கு," என்றார் பேராசிரியர் ஹோல்ம். "வெளிநாட்டுல இருந்து வர்றவங்களுக்கு வீடுதான்."

அவருடைய மொழி எனக்குத் தெரியாது. ஆனாலும் புரிந்தது. எங்கள் ஊர் தாலுகா ஆபீஸில் பேசுவதுபோலவே பேசினார்.

"நான் என்ன சார் செய்யணும்?"

"பார்க்கணும்."

"அப்புறம்?"

"தொந்தரவு பண்ணாமப் பார்க்கணும்."

நல்ல கூத்து. எங்கள் வீட்டைப் பார்க்க எனக்கு விசா, விமானம், இரண்டு ஸ்வெட்டர். எங்கள் ஊர்த் திருச்செந்தூர் ரோட்டில் நின்றே பார்த்திருக்கலாம். சொல்லவில்லை. வந்த இடத்தில் வாயாடக் கூடாது என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார்.

என் பக்கத்தில் மத்தேயோ இருந்தான். அவனும் பயிற்சிக்கு வந்த மாணவன்தான். வந்து பல கோடை ஆகிவிட்டதால் குளிர்பதனப் பெட்டியாக மாறியிருந்தான். கதவைத் திறந்தால் பேசுவான்.

"உன் மாதிரி எங்க?" என்று கேட்டேன்.

"உள்ளதான் இருக்கு. வீட்டுல இப்ப யாருமில்ல. வெறும் வீடு. கதவை மூடு, குளிர் போகுது."

மூடினேன்.

நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். அம்மா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இன்னும் பெரிதாக்கினேன். அப்பா கட்டிலில் இருந்தார். அந்த நேரத்தில் அவர் வீட்டில் இருக்க மாட்டார். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். தீபாவளிக்குக்கூட பாதி நாள் திறந்து வைக்கிற மனுஷன்.

இன்னும் பெரிதாக்கினேன். அப்பா கட்டை விரலால் தன் காலை அழுத்திப் பார்த்தார். குழி விழுந்தது. விரலை எடுத்தார். குழி அப்படியே நின்றது.

உடனே போன் போட்டேன்.

"ஏட்டி செண்பகம், சாப்ட்டியா? அங்க குளுரு எப்படி இருக்கு?"

"அப்பா எங்கம்மா?"

"கடைக்குப் போயிருக்காவ."

தட்டில் அப்பா அம்மாவுக்கு இரண்டடி தள்ளி இருந்தார். அப்படித்தான் சொல்லணும் என்று தலையை ஆட்டினார். பிறகு, எனக்குக் கேட்கட்டும் என்று, வாயாலேயே ஜெராக்ஸ் மெஷின் சத்தம் போட்டார். நன்றாகவே போட்டார். காகிதம் சிக்கிக்கொள்கிற சத்தம்கூட வந்தது.

"கூட்டமா இருக்கு போல," என்றேன்.

"ஆமா, அட்மிஷன் நேரம்லா," என்றாள் அம்மா.

எங்கள் வீட்டில் இது வழக்கம். படிக்கிற பிள்ளையிடம் கெட்ட சேதி சொல்ல மாட்டார்கள். எனக்கு ப்ளஸ் டூ பரீட்சை நடந்தபோது பெரியப்பா இறந்துபோனார். கடைசிப் பரீட்சை முடிந்து நான் பேனாவை மூடும்வரை அவர் ராஜபாளையம் போயிருந்தார். படிப்பு கெட்டுவிடக் கூடாது. அதற்காக எந்தப் பொய்யும் சொல்லலாம், செத்தவர் ஊர் ஊராகப் போகலாம்.

நான் ஊருக்குப் போக வேண்டும் என்று பேராசிரியரிடம் சொன்னேன். நிர்வாக அறைக்குப் போகச் சொன்னார். அது வராந்தாவின் கடைசியில் இருந்தது. நடக்க நடக்க வராந்தா நீண்டது. பாதி வழியில் ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி நடந்தேன். ஜன்னலுக்கு வெளியே வெயில். அந்த ஊரில் கோடையில் சூரியன் மறைவதில்லை. மறைவதற்கு ஒருவர் அனுமதி தர வேண்டுமாம். அவர் விடுப்பில் இருந்தார்.

நிர்வாக அறையில் ஒரு அம்மாள் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு ஊருக்குப் போகணும்?"

"அப்பாவுக்கு உடம்பு சரியில்ல."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானே பாத்தேன்."

"பாத்தது செல்லாது. வீட்டுல இருந்து ஒரு ஆள் சொல்லணும். சொன்னா அந்த நிமிஷமே அனுப்பிருவோம்."

"அவங்க சொல்ல மாட்டாங்க."

"அப்ப ஒண்ணுமில்லன்னு அர்த்தம்," என்று ஒரு துண்டு ஆப்பிள் கொடுத்தார்.

அவ்வளவுதான் விஷயம். அம்மா ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 'அப்பாவுக்கு முடியலட்டி, வா' என்று ஒரே ஒரு தடவை. சொல்லிவிட்டால் மறு நிமிஷம் நான் கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பேன். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். அப்பா வேண்டும்.

தினமும் போன் போட்டேன். தினமும் கண்ணை நுண்ணோக்கியில் வைத்துக்கொண்டே பேசினேன். அம்மா சொன்ன பொய்களைக் கேட்டால் அரிச்சந்திரன் காதைப் பொத்திக்கொள்வான். அப்பா கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார். அப்பா முடி வெட்டப் போயிருந்தார். அப்பா பேங்கில் வரிசையில் நின்றார். கட்டிலில் அப்பா ஒருக்களித்துப் படுத்து, அம்மா சொல்வதையெல்லாம் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தான் எங்கெங்கே போனோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா.

ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டேன்.

"அம்மா, அப்பாவுக்குக் கால் வீங்கியிருக்கா?"

அம்மா கையில் இருந்த கரண்டி கீழே விழுந்தது.

"யாருட்டி சொன்னா?"

"சும்மா கேட்டேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. புதுச் செருப்பு கடிச்சிருக்கும். நீ கண்டதையும் நெனைக்காம படிப்பப் பாரு."

பேசிக்கொண்டே போய் அப்பாவின் காலைப் போர்வையால் மூடினாள். ஜன்னலையும் சாத்தினாள். மேலே பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. அன்றிலிருந்து எனக்கு அப்பாவின் கால் தெரியவில்லை.

"எம்மா, நான் வரட்டா? சும்மா, ரெண்டு நாள்."

"எதுக்கு? இங்கன என்ன வச்சிருக்கு? முடிச்சிட்டே வா. ஒங்கப்பா தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரியாவ, எம்மவ சயின்டிஸ்டுன்னு."

திரிகிறார். கக்கூசுக்குப் போகவே சுவரைப் பிடிக்கிற மனுஷன்.

அன்று எனக்குப் பொறுக்கவில்லை. அப்பாவின் போர்வை ஒரு பக்கம் சரிந்திருந்தது. குளிருமே என்று தட்டின் மூடியைத் திறந்து இடுக்கியை உள்ளே விட்டேன். வீடு குலுங்கியது. பரண் பாத்திரங்கள் உருண்டன. அம்மா ஓடி வந்து அப்பாவின் மேல் குனிந்து மறைத்துக்கொண்டாள். நான் கையை எடுத்துவிட்டேன்.

பின்னால் பேராசிரியர் நின்றிருந்தார்.

"தொந்தரவு பண்ணாம," என்றார்.

"எங்கப்பா சார்."

"எல்லாருக்கும் அப்படித்தான்."

அவர் போனதும் மத்தேயோவின் கதவைத் திறந்தேன். "நீ எப்படித் தாங்கின?" என்று கேட்டேன். உள்ளே விளக்கு மட்டும் எரிந்தது.

அடுத்த வாரம் அப்பா போய்விட்டார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான். அம்மா கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். அப்பா ஒரு மூச்சு இழுத்தார். அடுத்த மூச்சுக்காக நானும் காத்திருந்தேன், அம்மாவும் காத்திருந்தாள். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் நெஞ்சில் கையை வைத்தாள். வாயைத் திறந்தாள். தட்டிலிருந்து சத்தம் வராது.

தெருவில் பந்தல் போட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்து டீக்கடைக்காரர் ஒரு மாலையோடு வந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் மாடிப்படி அடியில் நின்றார். அப்பாவை முன்னறையில் கிடத்தி, தாடையைச் சேர்த்துத் துணி கட்டினார்கள். நான் வாய்விட்டு அழுதேன். ஆய்வகத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் அவரவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு போன் போட்டேன். இன்றைக்குச் சொல்லிவிடுவாள் என்று நம்பினேன். வேறு எப்போது சொல்வது?

தட்டில் அம்மாவின் போன் மினுங்கியது. பெயரைப் பார்த்தாள். எழுந்து கையை உயர்த்தினாள். ஒப்பாரி வைத்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சங்குக்காரர் சங்கை இறக்கினார். பறை நின்றது. ஒரு குழந்தையை யாரோ தூக்கிக்கொண்டு தெருக்கோடிக்கு ஓடினார்கள். எங்கள் தெரு முழுக்க எனக்காக மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது.

அம்மா தொண்டையைச் செருமினாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"ஏட்டி, சாப்ட்டியா?"

"சாப்ட்டேம்மா. நீ?"

"ஆச்சு."

காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"தொண்டை கட்டியிருக்கு போலயே."

"சளிதான். மழை பெஞ்சிச்சு."

"அப்பா எங்கம்மா?"

அம்மா திரும்பி முன்னறையைப் பார்த்தாள்.

"இப்பதான் வெளிய கெளம்புதாவ."

எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தனை பேரும் வாயில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்கள்.

"சரிம்மா. கெளம்புறதுக்கு முன்னால நான் கேட்டேன்னு அப்பாட்ட சொல்லு."

"சொல்லுதேன்."

"இப்பவே சொல்லும்மா."

"சொல்லுதேன்ட்டி. நீ வை."

வைத்தேன். அம்மா போனை இடுப்பில் செருகிக்கொண்டு, கூட்டத்தை விலக்கி அப்பாவிடம் போனாள். குனிந்து அவர் காதில் சொன்னாள். சொல்லிவிட்டு, பதில் வருமோ என்று பார்ப்பவள்போல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். அப்புறம் நிமிர்ந்து, சங்குக்காரருக்குத் தலையை ஆட்டினாள்.